நில அதிர்வுத் தரவில் புதைந்த படிவுப் பாறைகளைப் படிக்கும்போது எழும் சிக்கல்கள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வட கடலில் நெதர்லாந்துக்கு உரிய பகுதியில் எஃப்3 என்ற எண்ணெய்த் தேடல் தொகுதி இருக்கிறது. மேல் ஜுராசிக், கீழ் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்காக 1987ஆம் ஆண்டில் அங்கே எடுக்கப்பட்ட முப்பரிமாண நில அதிர்வுத் தரவு, ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு 24 கிலோமீட்டர் பரப்பைக் கொண்டது. இன்று அதை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கி, ஓபன்டிடெக்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் திறந்து பயிலலாம். தேடலின் இலக்கு ஆழத்தில் இருந்தாலும், பொதுவெளியில் கிடைக்கும் பகுதியில் கற்பதற்கு உரியவை அதற்கு மேலே உள்ள படிவுகளே: பால்டிக் வட்டாரத்திலிருந்து வடிந்து வந்த பெரும் ஆற்றுத் தொகுதி, மயோசீன் தொடங்கிப் பிளீஸ்டோசீன் வரை கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும். அந்தக் கழிமுகம் கடலுக்குள் முன்னேறிச் சென்ற தடம், சரிந்த எஸ் வடிவ அடுக்குகளாக மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இத்தகைய தரவோடு முதன்முதலாகப் பணியாற்றும் புவியியல் மாணவர்களுக்கு எழும் சிக்கல்களை, அவை திரையில் எப்படித் தென்படுகின்றனவோ அந்த அறிகுறிகளின் வழியே இங்கே அணுகுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திரையில் நாம் காண்பது பாறையின் படம் அன்று. அடர்த்தியையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வரும் ஒலித்தடை எங்கெல்லாம் மாறுகிறதோ, அங்கெல்லாம் எழுந்த எதிரொலிப்புகளின் பதிவு அது. அதன் செங்குத்து அச்சு ஆழம் அன்று, அலை போய்த் திரும்பிய நேரம். ஆகவே, படத்தில் ஏதோ பொருந்தவில்லை என்றால் புவியியல் விளக்கத்தை மாற்றுவதற்கு முன் கோப்பு, போலாரிட்டி (ஒலித்தடை உயர்வை முகடாக வரைவதா, பள்ளமாக வரைவதா என்ற மரபு), கிணற்றுப் பொருத்தம் (கிணற்று அளவீடுகளை நில அதிர்வுத் தரவோடு பொருத்திப் பார்ப்பது), திசைவேகம் ஆகிய நான்கையும் இதே வரிசையில் சோதிக்க வேண்டும். வரிசை முக்கியமானது, ஏனெனில் முன்னதில் உள்ள பிழை பின்னதில் வேறு வேடத்தில் வந்து நிற்கும்.

அறிகுறி: கோப்பு திறக்கிறது, ஆனால் படம் இரைச்சலாக இருக்கிறது அல்லது அலைவீச்சுகள் விபரீதமாக இருக்கின்றன

நில அதிர்வுத் தரவைச் சேமிக்கும் செக்-ஒய் (SEG-Y) வடிவக் கோப்பின் தொடக்கத்தில் 3200 பைட் அளவுள்ள உரைத் தலைப்பும், அதையடுத்து 400 பைட் அளவுள்ள இரும எண் தலைப்பும் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு ட்ரேஸுக்கும் (ஓரிடத்தில் நேர வரிசையில் பதிவான அலைவீச்சு மாதிரிகளின் தொகுப்பு) 240 பைட் தலைப்பு உண்டு. 3225ஆம் பைட்டில் தொடங்கும் எண், மாதிரிகள் எந்த வடிவத்தில் எழுதப்பட்டுள்ளன என்பதைக் கூறும்: 1 என்றால் ஐபிஎம் மிதவைப் புள்ளி, 5 என்றால் ஐஇஇஇ மிதவைப் புள்ளி. ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் எல்லாம் அழிந்துவிடாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. குறியைக் காட்டும் முதல் பிட் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அடுக்குகள் ஓரளவு தெரியும். ஆனால் சில மாதிரிகள் மட்டும் கூர்முனைகளாக எழுந்து, மற்றவை நசுங்கிப்போய் இருக்கும். மாறாக, பைட் வரிசையே தலைகீழாக வாசிக்கப்பட்டால் படம் முழுவதும் வெறும் இரைச்சலாகிவிடும். அடுக்குகள் தெரிந்தும் அலைவீச்சு நம்பும்படி இல்லையென்றால் வடிவக் குறியீட்டையும், எதுவுமே தெரியவில்லையென்றால் பைட் வரிசையையும் முதலில் பாருங்கள்.

உரைத் தலைப்பைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. அது 80 எழுத்துகள் கொண்ட 40 வரிகள்தான். இன்லைன், கிராஸ்லைன் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைக் கோடுகள்) எண்கள் எந்தப் பைட்டில் உள்ளன, தரவு எப்படிப் பதப்படுத்தப்பட்டது, போலாரிட்டி என்ன என்பன பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

அறிகுறி: கிணறுகள் ஆய்வுப் பரப்புக்கு வெளியே போய் விழுகின்றன

பிழை பத்து மடங்கு, நூறு மடங்கு என்று இருந்தால், ட்ரேஸ் தலைப்பின் 71ஆம் பைட்டில் உள்ள ஆயத்தொலைப் பெருக்கி கவனிக்கப்படவில்லை என்று பொருள். அதில் எதிர்மறை எண் இருந்தால் ஆயத்தொலைவை அந்த எண்ணால் வகுக்க வேண்டும், நேர்மறையாக இருந்தால் பெருக்க வேண்டும். எஃப்3 தரவில், யு.டி.எம். என்ற வரைபட ஆயத்தொலை முறையின் 31ஆம் மண்டலக் கிழக்கு மதிப்பு மீட்டரில் ஆறு லட்சத்தை ஒட்டியும், வடக்கு மதிப்பு அறுபது லட்சத்தைச் சற்றுத் தாண்டியும் வர வேண்டும். வேறு அளவில் வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். பிழை சிறியதாக, நூறு இருநூறு மீட்டர் அளவில் ஒரே திசையில் இருந்தால், ஒரு கோப்பு ஐரோப்பாவின் பழைய இடி50 என்ற புவி ஆயத்தொலை அடிப்படையிலும் மற்றொன்று டபிள்யூஜிஎஸ்84 அடிப்படையிலும் இருக்கக்கூடும். கிணறு பரப்புக்குள்ளேயே விழுவதால் இந்த இரண்டாவது பிழை கண்ணில் படாமல் தப்பிவிடும். சரிவான அடுக்குகளில் கிணறு பொருந்தாமல் போகும்போதுதான் வெளிப்படும்.

அறிகுறி: கழிமுக அடுக்குகள் மலைச்சரிவு போல் செங்குத்தாகத் தெரிகின்றன

இது தரவின் கோளாறு அன்று; காட்சியின் விளைவு. 24 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குறுக்குவெட்டைத் திரையில் 24 சென்டிமீட்டர் அகலத்தில் வைத்து, 1.8 விநாடி நேரத்தை 18 சென்டிமீட்டர் உயரத்தில் நீட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். விநாடிக்கு 2000 மீட்டர் வேகத்தில் 1.8 விநாடி இருவழி நேரம் 1800 மீட்டர் ஆழம். கிடையாக ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்; செங்குத்தாக ஒரு சென்டிமீட்டர் நூறு மீட்டர். பத்து மடங்கு மிகைப்படுத்தல். உண்மையில் 2 பாகை சரிந்த அடுக்கு திரையில் ஏறக்குறைய 19 பாகையாகத் தெரியும். சரிவின் அளவைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவதைத் தவிர்த்து, நேரத்தை ஆழமாக மாற்றிக் கணக்கிட்டே எழுத வேண்டும். பாறை உடைந்து நகர்ந்த பிளவுப்பெயர்ச்சிகளின் சாய்வுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அறிகுறி: கிணற்றிலிருந்து செய்த செயற்கை ட்ரேஸ், உண்மைத் தரவோடு பொருந்தவில்லை

இங்கேதான் பெரும்பாலான நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிணற்றின் ஒலிவேக லாக், அடர்த்தி லாக் (லாக் என்பது கிணற்றுக்குள் கருவியை இறக்கி ஆழத்துக்கேற்ப எடுத்த அளவீடு) இரண்டிலிருந்தும் ஒலித்தடையைக் கணக்கிட்டு, எதிரொலிப்புக் கெழுக்களாக்கி, ஒரு வேவ்லெட்டோடு (நில அதிர்வு அலைத்துடிப்பின் வடிவம்) சேர்த்தால் செயற்கை ட்ரேஸ் கிடைக்கும். அது பொருந்தாவிட்டால், எப்படிப் பொருந்தவில்லை என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு விலகல் இருந்தால், குறிப்புத் தளத்தைச் சந்தேகியுங்கள். லாக் ஆழங்கள் துளையிடும் மேடையிலிருந்து அளக்கப்படுகின்றன, நில அதிர்வு நேரமோ கடல்மட்டத்திலிருந்து தொடங்குகிறது. மேடை கடல்மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே இருந்து, அதைக் கழிக்க மறந்தால், 2000 மீட்டர் வேகத்தில் 30 மில்லி விநாடி விலகல் வரும். 40 ஹெர்ட்ஸ் அலையில் அது ஒரு முழுச் சுழற்சிக்கும் மேல். அதனால் தவறான முகட்டோடு அழகாகப் பொருந்திவிடவும் வாய்ப்புண்டு.

ஆழம் கூடக்கூட விலகலும் கூடினால், ஒலிவேக லாக்கை மட்டும் நம்பி நேரத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள். லாக் கருவி ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அளக்கிறது. நில அதிர்வு அலையோ சில பத்து ஹெர்ட்ஸ். அதிர்வெண் உயர உயர வேகமும் சற்றே கூடுவதால், லாக்கைக் கூட்டிக் கிடைக்கும் பயண நேரம் பொதுவாக உண்மையைவிடக் குறைவாக வரும். செக்-ஷாட் அளவீடு (மேற்பரப்பிலிருந்து கிணற்றுக்குள் குறித்த ஆழங்களுக்கு அலை செல்லும் நேரத்தை நேரடியாக அளப்பது) இருந்தால் அதைக் கொண்டு லாக்கைச் சரிசெய்வதே முறை. அது இல்லாதபோது செயற்கை ட்ரேஸைக் கையால் இழுத்து நீட்டிப் பொருத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஓர் எல்லைக்குள் அது தவறில்லை. ஆனால் இழுத்தபின் ஒவ்வொரு இடைவெளியின் திசைவேகத்தையும் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். இறுகாத மயோசீன் களியில் விநாடிக்கு 3500 மீட்டர் என்று வந்தால், கிணறு பொருந்தவில்லை, பொருந்துமாறு வளைக்கப்பட்டிருக்கிறது.

முகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளங்கள் இருந்தால் போலாரிட்டி தலைகீழ். ஒலித்தடை உயரும் இடத்தை முகடாக வரைவது ஒரு மரபு. அதையே பள்ளமாக வரைவது ஐரோப்பியத் தரவுகளில் அடிக்கடி காணப்படும் மற்றொரு மரபு. உரைத் தலைப்பு எதைச் சொன்னாலும், கடல்தரை, சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பு போன்று ஒலித்தடை உறுதியாக உயரும் ஓர் இடத்தில் நேரில் சோதித்துக்கொள்ளுங்கள். முகடும் பள்ளமும் அல்லாமல் பாதிச் சரிவில் வந்து பொருந்தினால் வேவ்லெட்டின் கட்டம் ஏறத்தாழ 90 பாகை சுழன்றிருக்கிறது என்று பொருள்.

சில அடுக்குகளில் மட்டும் பொருத்தம் கெட்டால், லாக்கின் தரத்தைப் பார்க்க வேண்டும். கிணற்றுச் சுவர் இடிந்து அகன்ற இடங்களில் அடர்த்திக் கருவி சுவரோடு ஒட்டாமல் சேற்றையும் சேர்த்து அளந்து, மதிப்பைக் குறைத்துக் காட்டும். எஃப்3 தரவில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதோடு வரும் நான்கு கிணறுகளில் எஃப்02-1, எஃப்03-2 ஆகிய இரண்டில் மட்டுமே அடர்த்தி அளக்கப்பட்டது. மற்ற இரண்டுக்கும், ஒலிவேக லாக்கையும், பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் காமா கதிர் லாக்கையும் உள்ளீடாகக் கொண்டு நரம்பியல் வலைப்பின்னல் ஒன்று கணித்த அடர்த்தியே தரப்பட்டுள்ளது. நான்கு கிணறுகளின் துளைமையும் (பாறையில் துளைகளின் பங்கு), 2.65இலிருந்து அடர்த்தியைக் கழித்து 1.60ஆல் வகுத்து வந்ததே. ஆகவே அந்த இரண்டு கிணறுகளில் துளைமைக்கும் ஒலித்தடைக்கும் வரைபடம் போட்டு, புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன என்று மகிழ்வதற்கு முன், இரண்டு அச்சுகளிலும் ஒரே கணிப்புதான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாணவர் அறிக்கைகளில் இந்த வட்டத் தர்க்கம் கண்டுகொள்ளப்படாமலே போவது எனக்கு வருத்தம் தருகிறது.

அறிகுறி: தானியங்கி முறையில் வரைந்த ஹொரைசன் திடீரெனத் தாவுகிறது

ஹொரைசன் என்பது ஓர் எதிரொலிப்பைத் தொடர்ந்து வரையும் பரப்பு; அதை வரைய மென்பொருள் பக்கத்து ட்ரேஸில் ஒத்த முகட்டைத் தேடிப் போகிறது. புவியியல் அதற்குத் தெரியாது. பிளவுப்பெயர்ச்சியைக் கடக்கும்போது ஒரு சுழற்சி மேலோ கீழோ தாவுவது வழக்கம். இன்லைன், கிராஸ்லைன் இரண்டிலும் சென்று தொடங்கிய புள்ளிக்கே சதுரமாகத் திரும்பி வந்து, நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

எஃப்3இல் தாவலுக்கு வேறொரு காரணமும் உண்டு. சரிந்த கழிமுக அடுக்குகள் கீழே பழைய தரையின்மேல் வந்து முடிகின்றன. மேலே அரித்த பரப்பு ஒன்றின் அடியில் துண்டிக்கப்படுகின்றன. அடுக்கு உண்மையிலேயே முடிந்த இடத்திலும் தானியங்கி நிற்காமல், தான் முட்டிய தளத்தின்மேல் ஏறித் தொடர்ந்துவிடுகிறது. அத்தகைய முடிவுப் புள்ளிகளை முதலில் அம்புக்குறிகளால் குறித்துவிட்டு, அவை வரிசையாக அமையும் தளங்களை எல்லைகளாக வரைந்தபின், எல்லைகளுக்கு உள்ளே மட்டும் தானியங்கியை ஓட விடுவதே சரியான வழி. எதிரொலிப்புகள் பெரும்பாலும் ஒரே காலத்தில் படிந்த பரப்புகளைப் பின்தொடர்கின்றன, பாறை வகையை அல்ல என்று பீட்டர் வெயிலும் அவருடைய எக்ஸான் சகாக்களும் 1977இல் முன்வைத்த கருத்து இங்கே நடைமுறையில் உதவுகிறது: ஒரே எதிரொலிப்பின் மேல்முனையில் மணலும் அடிமுனையில் களியும் இருப்பது முரண்பாடு அன்று.

அறிகுறி: மெலிந்துகொண்டே வரும் அடுக்கு, ஓர் அளவுக்குக் கீழே மெலிய மறுக்கிறது

அடுக்கின் மேல், கீழ் எதிரொலிப்புகளைத் தனித்தனியே பிரித்தறியும், அலைநீளத்தின் கால்பங்கு என்ற எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். விநாடிக்கு 2000 மீட்டர் வேகம், 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்றால் அலைநீளம் 50 மீட்டர், கால்பங்கு 12.5 மீட்டர். 4000 மீட்டர் வேகமும் 20 ஹெர்ட்ஸும் உள்ள ஆழத்தில் அதே எல்லை 50 மீட்டராகிவிடும். அதற்கும் கீழே மேல், கீழ் எதிரொலிப்புகளுக்கு இடையிலான நேரம் குறைவதில்லை. அலைவீச்சு மட்டும் குறைந்துகொண்டே போகும். எல்லையை நெருங்கும்போது அலைவீச்சு உச்சத்துக்குப் போய் இறங்குவதால், வரைபடத்தில் பளிச்சென்ற ஒரு பட்டை தோன்றும். அதை நல்ல மணற்கல் என்று குறித்துவிடுவது இயல்பான சறுக்கல். தடிமனை நேரத்திலிருந்து அளப்பதை அந்தப் பட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஓரிடத்தில் மிகப் பிரகாசமான எதிரொலிப்பு

எஃப்3 தரவின் மேற்பகுதியில் இத்தகைய பிரகாசப் புள்ளிகள் கண்கூடாகத் தெரிகின்றன. நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மீத்தேன் தேங்கிய இடங்கள் அவை என்று கொள்ளப்படுகிறது. ஆனால் அதே படிவுகளில் கார்பனேட்டால் இறுகிய மெல்லிய அடுக்குகளும் உள்ளன. இரண்டுமே பளிச்சிடும். பிரித்தறிய முதல் வழி போலாரிட்டி: வாயு நிறைந்த மணலின் மேற்பரப்பில் ஒலித்தடை குறையும், இறுகிய அடுக்கின் மேற்பரப்பில் கூடும். கிணற்றுப் பொருத்தத்தை முன்னரே முடித்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அது இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

அடுத்து, பிரகாசத்தின் எல்லை மேடான அமைப்பின் சமஉயரக் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால், நீரின்மேல் மிதக்கும் ஏதோவொரு பாய்மம் அங்கே இருப்பதற்கு வலுவான சான்று அது. சரிவான அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடையான எதிரொலிப்பு ஒன்று தென்பட்டால், அது வாயுவும் நீரும் சந்திக்கும் தளமாக இருக்கலாம். அப்படியானால் அங்கே ஒலித்தடை உயர வேண்டும். மூன்றாவதாக, நேரே கீழே உள்ள அடுக்குகள் சற்றுத் தொய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 20 மீட்டர் மணலில் வேகம் 2000இலிருந்து 1500ஆகக் குறைந்தால் கீழே உள்ள அனைத்தும் ஏறக்குறைய 7 மில்லி விநாடி தாழும். சிறிய அளவுதான், ஆனால் 4 மில்லி விநாடி இடைவெளியில் மாதிரி எடுத்த தரவில் அது புலப்படும்.

இவை அனைத்தும் ஒத்துவந்தாலும், எவ்வளவு வாயு என்று சொல்லிவிட முடியாது. துளைகளில் சில சதவீத வாயு கலந்தாலே நீரோடு சேர்ந்த பாய்மத்தின் இறுக்கம் குலைந்து, நெட்டலையின் வேகம் பெருமளவு விழுந்துவிடும். அதன்பின் வாயு எவ்வளவு கூடினாலும் வேகம் அதிகம் மாறாது. 1951இல் காஸ்மன் தந்த சமன்பாட்டில் எண்களை இட்டுப் பார்த்தால் இது உடனே விளங்கும். ஒலிமூலத்துக்கும் ஏற்பிக்கும் இடையிலான தூரம் கூடும்போது அலைவீச்சு எப்படி மாறுகிறது என்ற ஆய்வு ஓரளவு உதவும். ஆனால் அதற்கு, வெவ்வேறு தூரங்களின் ட்ரேஸ்களை ஒன்றாகக் கூட்டாத மூலத் தரவு வேண்டும். கூட்டிச் சேர்த்த கனசதுரம் மட்டும் கையில் இருக்கும்போது அந்த முடிவுகளை அறிக்கையில் எழுதக் கூடாது.

அறிகுறி: வலுவான எதிரொலிப்புக்குக் கீழே அதே வடிவம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது

ஆழம் குறைந்த கடலில் அலை கடல்தரைக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே மீண்டும் மீண்டும் எகிறி வருவதால் உண்டாகும் போலி இது. 45 மீட்டர் ஆழமுள்ள நீரில் இடைவெளி 60 மில்லி விநாடி வரும். கடல்தரையின் நேரத்தை அளந்து, திரும்பத் திரும்ப வரும் வடிவத்தின் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். சமமாக இருந்தால் அதைப் பாறையாகக் கொள்ளக் கூடாது.

அறிகுறி: கிடைவெட்டில் நேர்க்கோடுகள்

கிடைவெட்டு என்பது தரவைக் கிடையாக, ஒரே நேரத்தில் வெட்டிய காட்சி. அதில் கோடுகள் கப்பல் ஓடிய திசைக்கு இணையாகவும் சம இடைவெளியிலும் இருந்து, ஆழம் செல்லச்செல்ல மங்கினால் அவை அளவீட்டு முறையின் தடங்கள். திசை மாறி மாறி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஒரே ஒரு பரப்பில் மட்டும் தெரிந்து அதற்குச் சற்று மேலும் கீழும் மறைந்துவிட்டால், பனிப்பாறைகள் அக்காலக் கடல்தரையை உழுது சென்ற பள்ளங்களாக இருக்கலாம்; வட கடலின் தென்பகுதியில் பிளீஸ்டோசீன் படிவுகளில் இவை அறியப்பட்டவை. பல கிடைவெட்டுகளில் தொடர்ந்து, ஆழத்துக்கேற்ப மெல்ல நகர்ந்துகொண்டே போனால் மட்டுமே பிளவுப்பெயர்ச்சி என்று குறியுங்கள்.

அறிகுறி: உப்புக்கு அடியில் மேடு தெரிகிறது, ஆழ வரைபடம் கிணறுகளோடு முரண்படுகிறது

வட கடலின் அடியில் பெர்மியன் காலத்து செக்ஸ்டைன் உப்பு பல இடங்களில் குவிமாடங்களாக எழும்பியுள்ளது. உப்பில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4500 மீட்டர். சுற்றியுள்ள படிவில் 3000 மீட்டர் என்று கொண்டால், 1000 மீட்டர் உப்பைக் கடந்து திரும்ப 444 மில்லி விநாடியும், அதே தடிமனுள்ள படிவைக் கடந்து திரும்ப 667 மில்லி விநாடியும் ஆகும். 220 மில்லி விநாடிக்கும் மேற்பட்ட வேறுபாடு, சமதளமான அடிப்பாறையைப் பெரிய மேடாகக் காட்டிவிடும். மேட்டின் உச்சி உப்பின் தடித்த பகுதிக்கு நேர் கீழே இருந்தால், ஆழமாக மாற்றிப் பார்க்கும் வரை அதற்கு அமைப்பு என்ற பெயரே சூட்டக் கூடாது.

மாற்றியபின் கிணறுகளில் விலகல் வந்தால், அதை வரைபடத்தில் பரப்பிச் சமன்செய்துவிடும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அழுத்துவதற்கு முன் விலகல்களை ஆழத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லாக் கிணறுகளிலும் ஒரே அளவு என்றால் குறிப்புத் தளத்தின் பிழை. ஆழத்தோடு கூடினால் திசைவேகச் சார்பின் சரிவு தவறு. ஒரே கிணற்றில் மட்டும் என்றால் அங்கே ஹொரைசன் தவறான சுழற்சியில் வரையப்பட்டிருக்கிறதா, அல்லது லாக்கில் எல்லை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று திரும்பிப் போக வேண்டும். நான்கு கிணறுகள் மட்டுமே உள்ள எஃப்3இல், மூன்றை வைத்து வேகச் சார்பை அமைத்து நான்காவதன் ஆழத்தை முன்கூட்டிக் கணித்து, கிணறுகளை மாற்றி மாற்றி இதைச் செய்து, வரும் விலகல்களில் மிகப் பெரியதையே வரைபடத்தின் பிழை எல்லையாக எழுதுவதை நான் பரிந்துரைக்கிறேன்.